சங்கம் வைக்க ஏழு பேர் போதும், சிக்கல் அதற்கப்புறம்தான்

தனியாகப் போய்ச் சம்பளம் கூட்டிக் கேட்டால் 'பார்க்கலாம்' என்பார்கள், சங்கமாகப் போனால் கையெழுத்தான ஒப்பந்தம் வாங்க வழி உண்டு. போனஸ், ஓவர்டைம் எல்லாமே இப்படித்தான். சங்கம் வைக்கும் உரிமை அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. பதிவுக்கு ஏழு பேர் விண்ணப்பித்தால் போதும்.

ஆனால் அந்த ஏழோடு நிற்காதீர்கள். வேலை செய்பவர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும், அதுவும் பதிவன்று மட்டுமல்ல, எப்போதும். நாலு பேரை வெளியூருக்கு மாற்றினாலே கணக்கு உதைக்கும், அதனால் கூடுதலாகவே சேர்த்து வையுங்கள்.

அப்புறம் சங்கத்தைப் பதிவு செய்யும் அரசு அலுவலகம். 'ஃபைல் பார்வையில் இருக்கிறது' என்பதை எத்தனை மாதம்தான் கேட்பது? ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் 2024-இல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள், சங்கப் பதிவு வந்தது 2025 ஜனவரியில், அதுவும் உயர் நீதிமன்றம் வரை போன பிறகு. கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் தேதியோடு சீல் வாங்குங்கள், வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

ஆபீஸ் வேலைக்காரர்கள் விழும் குழி வேறு. சங்கத்தில் மேனேஜரும் சேரலாம். ஆனால் வேலையை விட்டுத் தூக்கினால், தொழில் தகராறாக எடுத்துப்போக நீங்கள் 'தொழிலாளி' என்று காட்ட வேண்டும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரும், 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரும் அதில் வரமாட்டார்கள். கார்டில் 'மேனேஜர்' என்று போட்டிருப்பதைக் காட்டி விரட்டுவார்கள், மிரளாதீர்கள், நீதிமன்றம் பார்ப்பது பதவிப் பெயரை அல்ல, உண்மையில் என்ன வேலை செய்தீர்கள் என்பதை. யாருக்கும் லீவு கொடுக்கவோ ஆளை எடுக்கவோ உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று காட்டும் மெயில்களை இப்போதே எடுத்து வையுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர், 'நீங்களே எழுதிக் கொடுத்தால் அனுபவச் சான்றிதழ் நல்லபடியாக வரும்' என்று சொன்னதை நம்பி ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டார். சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை நீக்குவது சட்டப்படி முறைகேடு. ஆனால் நீக்கவே இல்லை, அவராகப் போனார் என்றல்லவா அந்தத் தாள் சொல்கிறது! கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்று நிரூபிக்க அவர்தான் அலைந்தார்.

கடைசியாக, கோபத்தில் எல்லோரும் ஒரே நாளில் லீவு போடாதீர்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தில், பாதிப் பேர் பேசிவைத்து லீவு போட்டாலே அது வேலைநிறுத்தம். 14 நாள் முன்பே நோட்டீஸ் கொடுக்காவிட்டால் சட்டவிரோத வேலைநிறுத்தம்.