காற்று எட்டாத இடத்தில் துரு ஏன் ஆழமாக இறங்குகிறது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. அப்படி நாள்கணக்கில் தண்ணீரில் நின்ற ஓர் எஞ்சினைப் பிரித்துப் பார்த்த வாசகர் அருமையான கேள்வி ஒன்றைக் கேட்டிருக்கிறார்: "சிலிண்டர் சுவரில் திறந்து கிடந்த இடமெல்லாம் லேசான செந்துருதான். ஆனால் பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்) ஒட்டி நின்ற இடத்தில் வளையமாகக் குழி விழுந்திருக்கிறது. ஆக்ஸிஜன் பட்டால்தான் துரு என்றுதானே படித்தோம்? காற்றுக்கு வழியே இல்லாத இடுக்கில் எப்படி?"

இரும்பு, நீர், ஆக்ஸிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. பள்ளிப் பாடம் சரிதான். ஆனால் மூன்றும் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. துருப்பிடித்தல் ஒரு மின்வேதி வினை. ஓரிடத்தில் இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாக நீரில் இறங்குகிறது. அந்த எலக்ட்ரான்கள் உலோகத்துக்குள்ளேயே ஓடி, வேறோர் இடத்தில் ஆக்ஸிஜனையும் நீரையும் ஹைட்ராக்சைடாக மாற்றுகின்றன. கரைவது ஓரிடம், ஆக்ஸிஜன் செலவாவது இன்னோரிடம்.

இதைக் கண்ணால் பார்க்க வழி உண்டு. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய யூலிக் எவன்ஸ் 1920களில் செய்துகாட்டிய உப்புநீர்த்துளிச் சோதனைதான் அது. 100 மில்லி நீரில் 3 கிராம் உப்பு, ஒரு சிட்டிகை பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு, சில துளி ஃபீனால்ஃப்தலீன். நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புத் தகட்டில் இந்தக் கரைசலை ஒரு சொட்டு விட வேண்டும். இரும்பு கரையும் இடம் நீலமாகும். ஹைட்ராக்சைடு உருவாகும் இடம் இளஞ்சிவப்பாகும். முதலில் இரண்டு நிறமும் அங்கங்கே புள்ளிபுள்ளியாகத் தோன்றும். துளியில் கரைந்திருந்த ஆக்ஸிஜன் தீரத்தீர, ஆட்டம் மாறுகிறது. துளியின் விளிம்பு மெல்லியது, அங்கே காற்றிலிருந்து ஆக்ஸிஜன் எளிதாக வந்து சேரும். நடுப்பகுதிக்கு அது எட்டாது. சற்று நேரத்தில் விளிம்பு முழுக்க இளஞ்சிவப்பு, நடுவே நீலம். ஆக்ஸிஜன் குறைந்த நடுப்பகுதி கரைந்து, ஆக்ஸிஜன் மிகுந்த விளிம்புக்கு எலக்ட்ரான்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது! பழுப்புத் துரு படிவதோ இரண்டுக்கும் இடையிலான வளையத்தில். அதாவது துரு தெரிகிற இடமும் இரும்பு அரிக்கப்படுகிற இடமும் வேறு வேறு.

பிஸ்டன் ரிங்கின் இடுக்கு அந்தத் துளியின் நடுப்பகுதிக்குச் சமம். அங்கே இன்னொரு வினையும் சேர்கிறது. கரைந்த இரும்பு அயனிகள் நீருடன் வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்குகின்றன. மின்சுமையைச் சமன்செய்ய வெளியிலிருந்து குளோரைடு அயனிகள் உள்ளே நகர்கின்றன. அமிலமும் குளோரைடும் கூடக்கூடக் கரைதல் வேகமெடுக்கிறது; வேகமெடுத்தால் மேலும் அமிலம். கேஸ்கட் விளிம்பு, போல்ட் மரை, ரேடியேட்டர் ஹோஸ் கிளிப்புக்கு அடியில் எல்லாம் நடப்பது இதுவே. மேலே தெரிகிற செந்துருவை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது இதனால்தான் ஆபத்து.

இனி வைத்தியம். முதலில் ஆயில் பிசுக்கை வெந்நீரும் டிடர்ஜென்ட்டும் கொண்டு முழுக்க எடுங்கள். பிசுக்கு இருந்தால் எந்தக் கரைசலும் துருவைத் தொடாது. வார்ப்பிரும்பு, சாதா எஃகுப் பாகங்களுக்கு ஒரு லிட்டர் நீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட் போதும். அரை மணிக்கொரு முறை எடுத்துப் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். இரவு முழுக்க ஊறவிட்டால் நல்ல இரும்பையும் அது கரைக்கும். எடுத்ததும் கழுவி, ஆப்ப சோடாக் கரைசலில் முக்கி, சூடான காற்றில் உலர்த்தி, சூடு ஆறுவதற்குள் ஆயில் பூச வேண்டும். தாமதித்தால் சில நிமிடங்களிலேயே மெல்லிய செம்படலம் திரும்பிவிடும்.

துரு தடித்திருந்தால் மின்னாற்பகுப்பு சிறந்தது. 10 லிட்டர் நீருக்கு 50 கிராம் சலவை சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனை பாகத்துக்கு, பாசிட்டிவ் முனை வேண்டாத இரும்புத் தகட்டுக்கு. மாற்றிக் கொடுத்தால் பாகம் கரைந்துபோகும். ஸ்டெயின்லெஸ் தகடு கூடாது, நச்சான ஆறிணைதிறன் குரோமியம் கரைசலில் கலக்கும். அலுமினியப் பாகத்தை இதில் போடவே கூடாது, காரம் அதை அரிக்கும். ஹைட்ரஜன் வெளிவரும், ஆகவே திறந்தவெளியில் செய்யுங்கள். அமிலமானாலும் மின்னாற்பகுப்பானாலும் ஹைட்ரஜன் கடினமான எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கவைக்கும். வால்வு ஸ்பிரிங், ஹெட் போல்ட், கனெக்டிங் ராட் போல்ட் ஆகியவை துருப்பிடித்திருந்தால் புதிதாக வாங்குவதே முறை.

சிலிண்டர் போரில், அதாவது அதன் உள்துளைச் சுவரில், நகத்தால் வருடிப் பாருங்கள். தட்டுப்படாவிட்டால் 220 முதல் 280 கிரிட் (சொரசொரப்பு அளவு) கல்லால் ஹோனிங் செய்து, அதாவது சுவரை லேசாகத் தேய்த்து, சுமார் 45 பாகைக் குறுக்குக் கோடுகள் விழச் செய்யலாம். நகம் குழியில் சிக்கினால் லேத் பட்டறையில் போரைப் பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும், அல்லது ஸ்லீவ் எனும் உள் உறையை மாற்ற வேண்டும். சிறப்புப் பூச்சு கொண்ட அலுமினிய போர்களுக்கு ஹோனிங் பொருந்தாது. ஹோனிங் முடிந்ததும் பெட்ரோலால் துடைத்தால் கல்தூள் கோடுகளிலேயே தங்கிவிடும். வெள்ளைத் துணியில் கறை ஒட்டாத வரை சோப்பு வெந்நீரால் கழுவுங்கள்.

பிராக்கெட், பிளாக்கின் வெளிப்புறம் போன்றவற்றுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி பூசலாம். துரு அதனுடன் வினைபுரிந்து இரும்பு பாஸ்பேட் படலமாகி ஒட்டிக்கொள்ளும். டெல்லி இரும்புத்தூண் சுமார் 1600 ஆண்டுகளாக நிற்பதும் இதற்கு நெருங்கிய வேதியியலால்தான். அந்த இரும்பில் பாஸ்பரஸ் மிகுதி. அது உதவி செய்து உருவான பாதுகாப்புப் படலத்தை ஐஐடி கான்பூரின் ஆர். பாலசுப்ரமணியம் ஆராய்ந்து விளக்கினார். ஆனாலும் 'விஞ்ஞானமே வியக்கும் மர்மம்' என்று அதைப் பகிர்வது நிற்கவில்லை. அந்தக் கொல்லர்களின் திறமையை மதிப்பதென்றால், அதை அறிவாக மதிக்க வேண்டும். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், மண்டபம் கடற்கரையில் உலோகங்களை உப்புக் காற்றில் வைத்துச் சோதிக்கிறது. அரிப்பால் உலகுக்கு ஆகும் செலவு மொத்த உற்பத்தியில் 3.4 விழுக்காடு என்று 2016இல் வெளியான சர்வதேச ஆய்வு மதிப்பிட்டது. அரிப்பு ஆய்வுக்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தடுப்பு முறைகளில் முதன்மையானது கூலன்ட், அதாவது ரேடியேட்டரில் ஊற்றும் குளிர்விப்புத் திரவம். "நம் ஊரில் தண்ணீர் உறையவா போகிறது" என்று ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றும் வழக்கம் எஞ்சினைக் கொல்கிறது. உறையாமல் காப்பது கூலன்ட்டின் ஒரு வேலை மட்டுமே. அதிலுள்ள அரிப்புத் தடுப்பான்கள் வார்ப்பிரும்பையும் அலுமினியத்தையும் சேர்த்தே காக்கின்றன. போர் தண்ணீரோ குளோரைடைக் கொண்டுவந்து கொட்டுகிறது. கனிமம் நீக்கிய நீருடன் பாதிக்குப் பாதி கலந்து, கார் கையேடு சொல்லும் காலத்தில் மாற்றுங்கள். நிறம் ஒன்றாக இருப்பதால் மட்டும் இரண்டு வகைகளைக் கலக்காதீர்கள்.

நிறுத்திவைத்த காரை ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடவிடுவதால் பயனில்லை. எரிபொருள் எரிந்து உண்டான நீராவி ஆயிலில் படிந்து, ஆவியாகும் முன்பே எஞ்சின் அணைகிறது. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் புது ஆயில் மாற்றி, பிளக் துளை வழியே ஒவ்வொரு சிலிண்டரிலும் 5 மில்லி எஞ்சின் ஆயில் விட்டு, கையால் கிராங்கைச் சில சுற்று சுற்றிவையுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சினை ஒருபோதும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். உள்ளே நீர் இருந்தால் கனெக்டிங் ராட் வளையும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, பிளக்குகளை எடுத்து, நீரையும் ஆயிலையும் வடித்துவிடுங்கள். அன்றே பிரிக்க ஆள் கிடைக்காவிட்டால் சிலிண்டர்களில் ஆயில் நிரப்பி வையுங்கள். ரிங் இடுக்கில் தேங்கிய நீரை முழுமையாக அது வெளியேற்றாது. எனவே பட்டறைக்குக் கொண்டுபோவதை இரண்டு நாளுக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள்.