21 செல்களில் ஒரு மூக்கு

அழுகத் தொடங்கிய பழத்துக்குள் வெள்ளை வெள்ளையாக நெளியும் சின்னப் புழுக்களைப் பார்த்திருப்பீர்கள். பழ ஈயின் புழுக்கள் அவை. நன்றாக வளர்ந்தாலும் நீளம் 4 மில்லிமீட்டர் அளவுதான்.

அகர் என்ற கூழ்ம ஜெல்லி ஊற்றிய வட்டத் தட்டின் ஓரத்தில், வாழைப்பழ வாசனை அடிக்கும் ஐசோஅமைல் அசிடேட்டை ஒரு சொட்டு வைத்து, நடுவில் ஒரு புழுவை விடுங்கள். சிறிது தூரம் ஊர்கிறது, நிற்கிறது. தலையை மட்டும் தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுகிறது. அப்புறம் ஒரு பக்கமாகத் திரும்பி மறுபடி ஊர்கிறது. தடுமாறுவது போலத் தெரியும். உண்மையில் அது அளவெடுக்கிறது. சற்று முன் வந்த வாசனையைவிட இப்போது வருவது கூடியதா, குறைந்ததா? கூடினால் ஓட்டம் நீள்கிறது. குறைந்தால் நின்று தலையாட்டுகிறது. தலையின் ஒரு பக்க மூக்கு மட்டும் வேலை செய்தாலும் புழு வாசனையைத் தேடிப் போய்விடுகிறது.

அந்த மூக்கில், பக்கத்துக்கு 21 நுகர்வு நரம்பு செல்கள்தான். வளர்ந்த ஈக்கு ஒவ்வோர் உணர்கொம்பிலும் ஆயிரத்துக்கு மேல் உண்டு. ஆய்வகத்தில் இந்த 21-இல் ஒன்றை மட்டும் விட்டுவைத்து மற்றவற்றை முடக்கிப் பார்த்தார்கள். அந்த ஒற்றைச் செல்லை வைத்தே சில வாசனைகளை நோக்கிப் புழு ஊர்ந்தது!

சரி, ஒன்றே போதுமென்றால் மீதி எதற்கு? வேறுபடுத்தத்தான். பெரும்பாலும் ஒரு செல்லுக்கு ஒரு வகை ஏற்பி, அதாவது வாசனையைப் பிடிக்கும் புரதம். ஓர் ஏற்பி பல வாசனைகளுக்கு அசையும், ஒரு வாசனை பல ஏற்பிகளை அசைக்கும். தட்டு முழுக்க ஒரு வாசனையைப் பரப்பிவிட்டு, ஓரத்தில் இன்னொன்றை வைத்துச் சோதிக்கலாம். இரண்டும் வெவ்வேறு ஏற்பிகளைத் தூண்டுபவை என்றால், புழு இரண்டாவதைக் கண்டுபிடித்துவிடும். ஒரே ஏற்பிகளைத் தூண்டினால் திணறும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது கற்றல்தான். இரண்டு வாசனைகளில் ஒன்றோடு மட்டும் சில முறை சர்க்கரை கொடுத்தால், புழு அதையே தேடிப் போகப் பழகுகிறது. இதெல்லாம் சுமார் 3,000 நரம்பு செல்கள் கொண்ட மூளையில் நடக்கிறது. அதன் முழு இணைப்பு வரைபடம் 2023-இல் வெளியானது. பழக்கிய புழுவைச் சர்க்கரை இல்லாத தட்டில் விட்டால் அந்த வாசனைக்கு ஓடுகிறது. சர்க்கரை கலந்த தட்டிலேயே விட்டால், கற்ற வாசனைக்கென்று தனி ஆர்வம் காட்டுவதில்லை. தேடியது காலடியிலேயே கிடைக்கிறதே!