சிறிய ஸ்பீக்கர்களோடு சப்வூஃபர் இணைவது எப்படி?

உள்ளங்கை அளவே உள்ள ஒரு ஸ்பீக்கர் மனிதக் குரலைத் தெளிவாக ஒலிக்கச் செய்தாலும், இடி முழக்கத்தில் தோற்றுப்போகிறது. இது தரக்குறைவு அன்று. இயற்பியல் விதிக்கும் வரம்பு. அதிர்வெண் பாதியாகக் குறையும்போது, அதே ஒலியழுத்தத்தை உண்டாக்க ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தொலைவு அசைய வேண்டும். 160 ஹெர்ட்ஸில் அரை மில்லிமீட்டர் அசையும் கூம்பு, 40 ஹெர்ட்ஸில் 8 மில்லிமீட்டர் அசைந்தாக வேண்டும். சிறிய கூம்பால் அது இயலாது. ஆகவே அந்தப் பொறுப்பைப் பெரிய கூம்பும் தனி ஆம்ப்ளிஃபையரும் கொண்ட சப்வூஃபர் ஏற்கிறது.

எந்த அதிர்வெண்ணில் பொறுப்பு கைமாறுகிறது என்பதைக் குறிப்பதே கிராஸ்ஓவர். பெரும்பாலும் 80 ஹெர்ட்ஸ் பரிந்துரைக்கப்படுவதற்குக் காரணம் உண்டு: அந்த ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 4.3 மீட்டர் என்பதால், அது எத்திசையிலிருந்து வருகிறது என்பதை நம் இரு காதுகளாலும் எளிதில் பிரித்தறிய முடிவதில்லை. மிகச் சிறிய ஸ்பீக்கர்களுக்கு 120 ஹெர்ட்ஸோ அதற்கு மேலோ தேவைப்படலாம். அப்போது திசை புலப்படத் தொடங்குவதால், சப்வூஃபரை முன்பக்க ஸ்பீக்கர்களுக்கு அருகிலேயே வைப்பது நல்லது. ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பகிர்ந்தனுப்பும் கருவியான ரிசீவரில், தாழ்ந்த ஒலிகள் சப்வூஃபருக்குப் போகும்படி ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' (சிறியவை) எனக் குறித்துவிட்டு, சப்வூஃபரின் சொந்தக் கிராஸ்ஓவர் திருகை உச்சத்தில் வைத்துவிட வேண்டும். இல்லையெனில் ஒரே ஒலி இருமுறை வடிகட்டப்படும்.

ஆனால் என் கணிப்பில், விளைவை நிர்ணயிப்பதில் இந்தத் திருகுகள் அனைத்தையும்விட அறைக்கே பங்கு அதிகம். 5 மீட்டர் நீள அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஏறத்தாழ 34 ஹெர்ட்ஸில் நிலை அலை, அதாவது எதிரொலித்துத் திரும்பும் அலைகள் சேர்ந்து ஓரிடத்தில் வலுத்தும் ஓரிடத்தில் மெலிந்தும் நிற்கும் அலை, உருவாகிறது. சுவரோரம் அந்த ஒலி அதிர, அறையின் நடுவில் அமர்ந்திருப்பவருக்கு அது ஏறக்குறைய கேட்காமலே போகிறது. எவ்வளவு வாட் கூட்டினாலும் இந்தப் பள்ளம் நிரம்பாது. இருக்கையையோ சப்வூஃபரையோ நகர்த்தித்தான் ஆக வேண்டும். இடம் தேர எளிய வழி ஒன்று உண்டு. சப்வூஃபரை நீங்கள் அமரும் இருக்கையிலேயே வைத்து, தாழ்ந்த சுரங்கள் ஏறி இறங்கும் இசையை ஒலிக்கவிட்டு, சுவரோரமாகத் தரைமட்டத்துக்குக் குனிந்து நகர்ந்தபடி கேளுங்கள். எல்லாச் சுரங்களும் சமமாகக் கேட்கும் இடமே சப்வூஃபருக்கு உரிய இடம். ஒலி செல்லும் பாதை இருதிசையிலும் ஒன்றே என்பதால் இந்த இடமாற்றம் செல்லுபடியாகிறது. அறையின் மூலை ஒலியைக் கூட்டித் தரும், ஆயினும் சில சுரங்களை மட்டும் பூதாகரமாக்கிவிடும்.

அடுத்தது கட்டம் (phase), அதாவது ஒலியலையின் முகடும் பள்ளமும் வந்துசேரும் நேர ஒழுங்கு. கிராஸ்ஓவர் எல்லையில் சப்வூஃபரும் ஸ்பீக்கர்களும் சேர்ந்தே ஒலிக்கின்றன; ஒன்றின் முகடும் மற்றதன் பள்ளமும் ஒரே நேரத்தில் செவியை எட்டினால் ஒலி தேய்ந்துவிடும். அந்த அதிர்வெண்ணை ஒலிக்கவிட்டு, கட்டத் திருகின் 0, 180 டிகிரி நிலைகளில் எது இருக்கையில் உரக்கக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். ரிசீவர் தானாக அளந்து காட்டும் சப்வூஃபர் தொலைவு, நாடாவால் அளந்ததைவிட அதிகமாக இருந்தால் திருத்த வேண்டாம். சப்வூஃபரின் உட்சுற்று உண்டாக்கும் தாமதமும் அதில் அடங்கியிருக்கலாம்.

ஒலியளவைக் கடைசியில் சரிசெய்யலாம். ஆண் குரலில் செய்தி வாசிப்பு ஒன்றைப் போட்டுப் பாருங்கள்: குரல் சப்வூஃபர் பெட்டியிலிருந்து எழுவதாகத் தோன்றினால் கிராஸ்ஓவரையோ சப்வூஃபரின் ஒலியளவையோ சற்றுக் குறைக்க வேண்டும்.