பிரசாரக் கூட்டத்தை எங்கே நின்று படம் பிடித்தார்கள்?

தொலைக்காட்சிச் செய்தியில் 16 ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். முதலில் கேமராமேன், அப்புறம் எடிட்டிங். தேர்தல் வந்துவிட்டால் சொந்தக்காரர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "யாருக்குப்பா கூட்டம் அதிகம்?" டிவி பார்த்து அதைத் தெரிந்துகொள்ள முடியாது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

ஒரு சட்டமன்றத் தேர்தலின்போது, ஒரே மைதானத்தில் மூன்று நாள் இடைவெளியில் இரண்டு எதிரெதிர் வேட்பாளர்களுக்குக் கூட்டம். இரண்டுக்கும் நான்தான் போனேன். முதல் கூட்டத்தில் மேடைக்கு எதிரே நின்று லென்ஸை முழுக்க ஜூம் செய்து தலைகளை மட்டும் எடுத்தேன். அப்படி எடுத்தால் வரிசைகளுக்கு நடுவே இருக்கும் காலி இடம் சுருங்கிவிடும். எள் போட்டால் எள் விழாத கூட்டமாகத் தெரியும். இரண்டாவது கூட்டத்துக்குப் பக்கத்துக் கட்டடத்து மொட்டை மாடியில் ஏறி, மைதானம் முழுக்கத் தெரியும்படி வைட் ஷாட் எடுக்கச் சொன்னார்கள். தலைவர் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. ஜனங்கள் வேப்பமர நிழலிலும் டீக்கடையிலும் நின்றார்கள். நாற்காலிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. அந்தக் காலி நாற்காலிதான் இரவு முழுக்க ஓடியது. தலைவர் பேசும்போது மைதானம் நிரம்பியிருந்ததையும் எடுத்து அனுப்பியிருந்தேன். அது ஓடவே இல்லை.

இரண்டு காட்சியிலும் பொய் கிடையாது. புகார் கொடுக்கப் போனால் எதைக் காட்டிப் புகார் கொடுப்பீர்கள்? அன்றைக்கு நான் வாய் திறந்திருக்க வேண்டும். இன்றும் அது உறுத்துகிறது.

படம் போகட்டும், சொற்களைக் கவனியுங்கள். ஒருவர் "கேள்வி எழுப்பினார்", இன்னொருவர் "வசைபாடினார்". ஒருவருக்கு "மக்கள் வெள்ளம்", இன்னொருவருக்கு "போக்குவரத்து நெரிசல்". ஒருவர் பேச்சு முக்கால் மணி நேரம் லைவ்; எதிராளிக்கு இருபது விநாடி பைட் (பேச்சிலிருந்து வெட்டிய துண்டு), அதுவும் அவர் தடுமாறிய இடம்.

ஜெயா டிவி, கலைஞர் டிவி, மக்கள் டிவி, கேப்டன் டிவி என்று கட்சி சார்ந்த சேனல்கள் நமக்குப் புதிதல்ல. பார்க்கிறவருக்கு அது யாருடைய சேனல் என்று தெரியும். கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொள்வார். என்னுடைய கவலை, நடுநிலை என்று சொல்லிக்கொள்ளும் சேனல்களைப் பற்றியது. பெரிய கட்சிகள் இப்போது தங்கள் கூட்டத்தைத் தாங்களே ஜிப் கேமராவும் (கிரேன் போன்ற நீண்ட கையில் பொருத்திய கேமரா) ட்ரோனும் வைத்துப் படம் பிடித்து, அந்த ஃபீடை, அதாவது நேரடிக் காட்சியை, எல்லாச் சேனல்களுக்கும் கொடுக்கின்றன. சேனலுக்கு ஆள் செலவு, வண்டிச் செலவு மிச்சம். ஆனால் எப்போது கூட்டத்தைக் காட்டுவது, எப்போது தலைவரின் முகத்துக்குப் போவது என்பதைக் கட்சி நியமித்த ஆள் முடிவு செய்கிறார். அந்த வசதி இல்லாத சுயேச்சைக்கும் சின்னக் கட்சிக்கும் செல்போன் வீடியோதான் கதி.

தேர்தல் ஆணையம் மாவட்டந்தோறும் ஊடகக் கண்காணிப்புக் குழு வைத்திருக்கிறது. காசு வாங்கிப் போட்ட செய்தி என்று உறுதியானால், அதை வேட்பாளரின் செலவுக் கணக்கில் சேர்ப்பார்கள். சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம் ரூபாய் என்ற வரம்புக்குள் அதுவும் அடங்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கேமரா கோணத்துக்கு ரசீது கிடையாதே!

சரி, "5 லட்சம் பேர் திரண்டனர்" என்று சொன்னால் என்ன செய்யலாம்? அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் 1960-களில் ஒரு கணக்குச் சொன்னார். தாராளமாக நிற்கும் கூட்டத்தில் ஆளுக்கு 10 சதுர அடி, நெருக்கமான கூட்டத்தில் நாலரை சதுர அடி. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அப்படியென்றால் 10 ஏக்கர் மைதானம் நெருக்கமாக நிரம்பினாலும் 97 ஆயிரம் பேருக்குள்தான் வரும். 5 லட்சத்துக்கு 50 ஏக்கருக்கு மேல் வேண்டும். உங்கள் ஊர் மைதானம் எத்தனை ஏக்கர் என்று உங்களுக்கே தெரியும். செய்தியைப் பகிரும் முன் ஒருமுறை பெருக்கிப் பாருங்கள்.

செய்தி அறையில் இருக்கும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். கட்சி கொடுத்த ஃபீடை ஓட்டும்போது, திரையின் மூலையில் "கட்சி வழங்கிய காட்சி" என்று போடுங்கள். எல்லாக் கட்சிக்கும் போடுங்கள்.