மலையில் கார் ஏசி: கண்ணாடிப் பனியும் மீட்டர் ஊசியும்

ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காருக்கு ஏசி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஐப்பசி மழையில் பர்லியார் தாண்டிக் குன்னூருக்கு ஏறும்போது, உள்ளே இருப்பவர்களின் மூச்சுக்காற்றிலேயே முன்கண்ணாடி வெளுத்து, எதிரே வரும் பேருந்தின் விளக்கு மட்டும் மங்கலாகத் தெரிகையில் அவர்களே பொத்தானைத் தேடுவார்கள். மலையில் ஏசியின் முதல் வேலை குளிரூட்டுவதன்று, காற்றை உலர்த்துவதே.

டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆர்-134ஏ என்னும் கேஸ் குறைந்த அழுத்தத்தில் கொதித்து ஆவியாகிறது. அதனால் சில்லிட்டுப்போகும் தகடுகளின்மேல் காற்றிலுள்ள ஈரம் நீராகப் படிந்து, குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்டுகிறது. அந்த ஆவியைக் கம்ப்ரசர் உறிஞ்சி அழுத்த, ரேடியேட்டருக்கு முன்னுள்ள கண்டன்சரில் அது வெப்பத்தை வெளியேற்றித் திரவமாகி, ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் அழுத்தத்தைக் குறைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் கடந்து மீண்டும் காயிலுக்கே வருகிறது. ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்தால், காய்ந்து சூடேறிய காற்று கண்ணாடியை விரைவில் தெளிவாக்கும். தை மாத உறைபனி விடியலில் பல கார்களில் கம்ப்ரசர் இயங்காது; காயில் உறைந்துவிடாமல் தடுக்கும் ஏற்பாடே அது, பழுதன்று.

உண்மையான பழுதுகளில் முதலிடம் கசிவுக்குத்தான். கேஸ் பெட்ரோலைப் போலச் செலவாகும் பொருளன்று. ஒரே பருவத்தில் தீர்ந்துவிட்டால் குழாய் இணைப்புகளின் ரப்பர் வளையமான ஓ-ரிங், கண்டன்சர், கம்ப்ரசரின் சுழல்தண்டைச் சுற்றி அடைக்கும் ஷாஃப்ட் சீல் ஆகியவற்றில் ஏதோ ஒன்றில் ஓட்டை இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். கேஸோடு சுற்றும் கம்ப்ரசர் எண்ணெய் கசிந்து தூசி படிந்த இணைப்பு பெரும்பாலும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். மாதக்கணக்கில் ஏசியைத் தொடாத மலை வண்டிகளில் ஷாஃப்ட் சீல் எண்ணெயின்றிக் காய்ந்துபோவது வழக்கமானதால், குளிர்காலத்திலும் அவ்வப்போது சில நிமிடங்கள் ஓடவிடுவது நல்லது.

கசிவை அடைத்தபின் பம்ப் வைத்து வாக்குவம், அதாவது வெற்றிடம், போட்டுக் குழாய்களிலுள்ள காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றுவார்கள். சமவெளியில் பழகிய மெக்கானிக் தடுமாறும் இடம் இதுவே. மீட்டர் காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்தோடு ஒப்பிட்ட வேறுபாட்டை மட்டுமே; ஆகவே கோவையில் 28 அங்குலத்தை (பாதரச அளவில்) தொடும் ஊசி, காற்றழுத்தம் குறைந்த ஊட்டியில் பம்ப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் 23 அங்குலத்தை ஒட்டி நின்றுவிடும். பம்ப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. குளிரில் ஈரம் மெதுவாகவே ஆவியாகும் என்பதால் கூடுதல் நேரம் ஓடவிட வேண்டும்.

கேஸ் ஏற்றும்போதும் இதே கவனம் தேவை. நின்றிருக்கும் வண்டியில் அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது: கோவையின் 30 டிகிரி வெப்பத்தில் 98 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அலகு) அளவில் காட்டும் அதே கேஸ், ஊட்டியின் 15 டிகிரியில் 60-ஐ ஒட்டியே காட்டும். குறைவாக இருக்கிறது என்று நினைத்து மேலும் ஏற்றிய வண்டி, மேட்டுப்பாளையத்து வெயிலில் இறங்கியதும் கண்டன்சரில் அழுத்தம் எல்லை மீறி, பாதுகாப்பு சுவிட்ச் கம்ப்ரசரை அணைத்துவிடும். எனவே பழைய கேஸை மெஷினில் முழுவதும் எடுத்துவிட்டு, பானட்டுக்கு அடியில் ஒட்டியுள்ள தாளில் குறித்திருக்கும் கிராம் கணக்கின்படி எடைபோட்டு ஏற்றுவதே மலையிலும் சமவெளியிலும் பொருந்தும் ஒரே முறை.