டிப்பர் வருவதற்கு முன்பே: வயலுக்கும் வாவிக்கரைக்கும் நாம் வாய் திறக்கக்கூடிய இடங்கள்

எங்கள் வட்டையில், அதாவது வயல்வெளியில், ஒரு வயல் நிரப்பப்பட்டதை முதலிலிருந்தே பார்த்தேன். முதல் நாள் டிப்பர் போய்வர வரம்பை அகலமாக்கினார்கள். இரண்டாம் நாள் உடைத்த கட்டடக் கல் வந்தது. மூன்றாம் நாள் கிறவல். ஒரு கிழமைக்குள் பக்கத்து வயல்களின் வடிச்சல் வாய்க்கால் இருந்த இடமே தெரியவில்லை. மார்கழி மழைக்கு நாலு பேருடைய வேளாண்மை நாட்கணக்கில் தண்ணீருக்குள் நின்று அழுகியது. அதற்குப் பிறகுதான் எங்கே முறையிடுவது என்று ஊரார் கேட்கத் தொடங்கினார்கள். முறையிட இடம் முதல் நாளே இருந்தது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இது பல ஊர்களின் கதை என்பதால் விளக்கமாக எழுதுகிறேன்.

முதலில் வயல். "என்ட காணி, உறுதி இரிக்கு, நான் என்னவும் செய்வன்" என்பார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி, நெற்காணியை நிரப்பவோ அதில் கட்டடம் எழுப்பவோ கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி முன்கூட்டியே வேண்டும். சொந்தக் காணிக்கும் இதுதான் விதி. பிரதேச சபையிடம் கட்டட அனுமதி வாங்கினாலும் இந்த அனுமதிக்கு அது ஈடாகாது. முறைப்பாட்டை உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் கொடுங்கள். தனியாள் கடிதத்தைவிடக் கமக்காரர் அமைப்பின் கடிதத் தலைப்பில் போவது நல்லது. வட்டையின் பெயர், கிராம சேவகர் பிரிவு, மண் கொட்டத் தொடங்கிய திகதி, யாருடைய வடிச்சல் அடைபடுகிறது என்ற விபரம், இரண்டு போட்டோ, இவ்வளவும் போதும். கடிதத்தைக் கொடுத்ததும் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். இதை நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். வாயால் சொன்ன முறைப்பாடு அலுவலர் இடமாற்றம் போகும்போது அவரோடு போய்விடும்.

வாவிக்கரை கொஞ்சம் சிக்கல். மட்டக்களப்பு வாவி பாலமீன்மடுப் பக்கத்து முகத்துவாரத்திலும் கல்லாற்றிலும் கடலோடு சேர்கிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின் கீழ், கடற்கரையில் உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். ஆறும் களப்பும் கடலோடு சேரும் இடங்களில் வாயிலிருந்து உள்ளே 2 கிலோமீற்றர் வரையான நீர்ப்பரப்பும் அதற்குள் வரும். 2011இல் செய்த திருத்தத்தோடு, அந்த நீரின் ஓரமாக மேலும் 100 மீற்றர் தரையும் சேர்ந்தது. இதற்குள் அபிவிருத்தி வேலை செய்யக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும்.

ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். எப்போதும் கடலோடு சேர்ந்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை, இடையிடையே சேர்ந்தாலே போதும். மழைக்கு வாய் வெட்டி, பிறகு மணல் மூடிப்போகும் களப்புகளும் தோணா என்னும் சிறு நீர்வழிகளும் நம் கரையில் எத்தனை! கோடையில் தோணா காய்ந்து கிடப்பதைப் பார்த்து "இது வெறும் பள்ளம்தானே" என்று யாராவது சொன்னால், இந்த வரியை எடுத்துக் காட்டலாம்.

இந்த எல்லைக்கு வெளியே, வாவியின் உட்புறக் கரையில் அரச காணி பிடிபட்டால் பிரதேச செயலாளரிடம் போக வேண்டும். அரச காணியைப் பிடித்திருப்பவரை வெளியேறச் சொல்லி அறிவித்தல் கொடுக்கவும், அவர் அசையாவிட்டால் நீதிவான் நீதிமன்றத்துக்குப் போகவும் 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. கண்டல் மரங்களை வெட்டிக் கரையை நகர்த்தும் ஆட்கள் வேலியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தள்ளுவார்கள். ஆகவே போட்டோ எடுக்கும்போது நகராத ஒன்று, ஒரு மின்கம்பமோ மதகோ, படத்துக்குள் இருக்கட்டும்.

சரி, பெரிய திட்டங்கள் வந்தால்? 4 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறக்குறைய 10 ஏக்கருக்கு, மேற்பட்ட ஈரநிலத்தை நிரப்புவது, 1 ஹெக்டேயருக்கு மேல் காட்டை வேறு தேவைக்கு மாற்றுவது, 99 அறைகளைத் தாண்டும் ஹோட்டல் கட்டுவது எல்லாம் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993இல் வர்த்தமானியில் பட்டியலிடப்பட்டவை. சுற்றாடல் மதிப்பீடு முடிந்து அங்கீகாரம் கிடைக்கும் வரை அவற்றைத் தொடங்க முடியாது. முழு அளவிலான சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்றால் வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வர வேண்டும். அந்த அறிவித்தலிலிருந்து 30 நாளைக்குள் யாரும் கருத்து எழுதலாம். காணி உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை. அக்கரைப்பற்றுத் திட்டத்துக்கு வாகரையிலிருந்தும் எழுதலாம்.

ஆனால் "நாங்கள் எதிர்க்கிறோம்" என்று ஐந்நூறு பேர் ஒரே வசனத்தில் கையெழுத்திட்டு அனுப்புவதைவிட, அறிக்கையில் விடுபட்டதை ஐந்து பேர் எழுதுவது பலன் தரும் என்பது என் எண்ணம். மாடு போகும் வழி, தோணி கட்டும் துறை, எந்த மாதம் எந்தக் கிணற்றில் உவர் ஏறுகிறது என்பதெல்லாம் கொழும்பிலிருந்து வரும் நிபுணருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். கடிதத்தின் கடைசியில் பகிரங்க விசாரணை வைக்கும்படியும் கேளுங்கள். பொதுநலன் கருதி அப்படி வைக்க அங்கீகரிக்கும் நிறுவனத்துக்கு அதிகாரம் உண்டு.

சிறிய அளவிலான ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனை அறிக்கைக்கு, 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, இந்த 30 நாள் அவகாசம் இல்லை. அது பெரிய இழப்பு. இருந்தாலும் அந்த அறிக்கை பகிரங்க ஆவணம், கேட்டுப் பார்க்கலாம். நகர அபிவிருத்தி அதிகார சபையின் வரைவு அபிவிருத்தித் திட்டங்களையும் இப்படிப் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்பார்கள். அந்த அவகாசம் 60 நாள்.

இத்தனைக்கும் சாவி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதில் பலர் கவனிக்காத பிரிவு 9. வெளிநாட்டு நிதியில் 100,000 அமெரிக்க டொலருக்கும் உள்நாட்டு நிதியில் 500,000 ரூபாவுக்கும் மேற்பட்ட திட்டம் தொடங்குவதற்கு 3 மாதம் முன்பே, அதற்குப் பொறுப்பான அமைச்சர் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும். ஐந்து லட்சம் என்பது இன்றைக்கு ஒரு சின்ன மதகு வேலைக்கே போதாது. அப்படியென்றால் நம் ஊருக்கு வரும் அரச வேலைகளில் அநேகமானவை இதற்குள் அடங்கும்.

நாங்களும் கடைசியில் இந்தச் சட்டத்தைத்தான் பிடித்தோம். "இந்த வயலை நிரப்ப அனுமதி கொடுக்கப்பட்டதா? கொடுத்திருந்தால் பிரதி தருக" என்று இரண்டே வரி எழுதி உரிய அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் கொடுத்தோம். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா மறுப்பதா என்று அவர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளைக்குள், மேன்முறையீட்டைக் கேட்பதற்கென்று உள்ள குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் 2 மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. எங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வரவில்லை. அனுமதி எதுவும் வழங்கப்படவில்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்தத் தாளோடு கமக்காரர் அமைப்புச் செயலாளர் போன பிறகுதான் அளவு நாடாவோடு ஒருவர் வயலில் இறங்கினார். கொட்டிய மண் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. வடிச்சலை மட்டும் அடுத்த பெரும்போகத்துக்கு முன்னர் இரண்டு அடி அகலத்தில் திரும்ப வெட்டித் தந்தார்கள்.