சால்னாத் தூளில் சூடு செய்யும் வேலை

ஆம்பூர் பிரியாணிக்கு மிளகாய்த்தூள் தேவைப்படுவதில்லை. காய்ந்த மிளகாயை ஊறவைத்து விழுதாக அரைத்துத்தான் போடுவார்கள். மிளகாயின் மணமும் நிறமும் தோலுக்குள்ளேயே பத்திரமாக இருந்து, சமைக்கும் அன்றுதான் வெளியே வருகின்றன. பரோட்டாவுக்கு ஊற்றும் சால்னா, சிக்கன் கிரேவி போன்றவற்றின் கதை வேறு. அங்கே தனியா, சீரகம், சோம்பு எல்லாம் வறுபட்ட வாசனையோடு சேர வேண்டும். அதற்குத் தூள்தான் வசதி.

வேலூர்ப் பரோட்டாக் கடை சால்னாவின் மணம் வீட்டுக் குழம்பில் வருவதில்லை என்று பலரும் குறைப்படுகிறார்கள். வியாபாரம் நன்றாக நடக்கிற கடையில் தூள் பழசாக நேரமே கிடைப்பதில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் சூடு. மசாலாத் தூளில் இரண்டு வகை மணங்கள் இருக்கின்றன. ஒன்று சூடு பட்டால்தான் பிறக்கும். இன்னொன்று சூடு பட்டால் போய்விடும். இரண்டையும் ஒரே வாணலியில், ஒரே நேரத்துக்கு வறுப்பதில்தான் வீட்டுத் தூள் தோற்கிறது.

தனியாவை எடுத்துக்கொள்வோம். வறுக்காத தனியாவின் எலுமிச்சை கலந்த மணத்துக்குக் காரணம் லினலூல் என்ற எண்ணெய்ப் பொருள். அதன் கொதிநிலை 198 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கிறது. அதனால் வறுக்கும்போது தப்பித்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஈரத்துணி காய்வதற்கு வெயில் 100 டிகிரி அடிக்க வேண்டியதில்லையே. அதேபோல் லினலூலும் கொதிக்கும் முன்பே ஆவியாகிக்கொண்டிருக்கும். வறுக்கும்போது தெரு வரை மணக்கிறது என்றால், அந்த மணம் அவ்வளவும் தூளுக்கு நட்டம்.

சரி, அப்படியானால் ஏன் வறுக்க வேண்டும்? முதலில் ஈரம் போக வேண்டும். ஈரம் போனால்தான் விதை மொறுமொறுப்பாகி நைசாக உடையும். அப்புறம், விதையிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல் வேகமாக வினைபுரிந்து, பைரசின் போன்ற புதிய மணப்பொருள்களை உண்டாக்கும். பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீய் மயார் 1912இல் விவரித்த வினை இது. சுட்ட ரொட்டியின் வாசனையும் இந்த வினையில் வருவதுதான். தனியா, சீரகம், மிளகு மூன்றுக்கும் இந்த வறுத்த வாசனை அழகு சேர்க்கும். சிறு தீயில் தனித்தனியாகக் கிளறி, தனியாவை வாயில் போட்டுக் கடித்தால் நறுக்கென்று உடைகிற பதத்தில் நிறுத்த வேண்டும். வாணலியிலேயே விட்டால் வாணலியின் சூட்டில் மேலும் வறுபடும். உடனே தாம்பாளத்தில் கொட்டிவிடுங்கள்.

ஏலக்காய், லவங்கம், பட்டை அப்படியல்ல. அவற்றின் மதிப்பே உள்ளிருக்கும் எண்ணெயில்தான். லவங்கத்தில் எடையில் ஏழில் ஒரு பங்குக்குக் குறையாமல் எண்ணெய் இருக்கும். அதில் பெரும்பங்கு, லவங்கத்துக்கு அதன் மணத்தைத் தரும் யூஜினால். இவற்றைக் கைபொறுக்கும் சூட்டில் லேசாகப் புரட்டினால் போதும். வேலூர் கத்திரி வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தாலே அந்த வேலை முடிந்துவிடும். மிளகாயும் வெயிலில் காய்வதே நல்லது. குலுக்கினால் விதை கலகலக்க வேண்டும். ஆனால் நாள்கணக்கில் மொட்டை மாடியில் விட்டுவைக்காதீர்கள். சிவப்பு நிறம் தரும் கேப்சாந்தின் ஒளியிலும் காற்றிலும் சிதையும், மிளகாய் வெளுத்துப்போகும்.

மிளகாயின் காரம் தரும் கேப்சைசின், நம் நாக்கில் சுமார் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணர்த்தும் ஏற்பியையே (நரம்பு முனையில் இருக்கும் உணர்வுப் புரதம்) தூண்டுகிறது. அதனால்தான் ஆறிய குழம்பும் எரிகிறது. இந்த ஏற்பியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

அடுத்து அரைப்பது. 4 மில்லிமீட்டர் தனியாவை முழு உருண்டை என்று வைத்துக்கொண்டு 0.2 மில்லிமீட்டர் துகள்களாக்கினால், காற்றுப் படும் பரப்பு 20 மடங்காகும். கூடவே உராய்வுச் சூடு. மெஷினில் அரைத்து வாங்கும் தூள் பையைத் தொட்டுப் பாருங்கள், சுடச்சுட இருக்கும். அதை அப்படியே டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்த்து, கட்டி தட்டி, பூஞ்சையும் பிடிக்கலாம். செய்தித்தாளில் பரப்பினால் மை ஒட்டும். சுத்தமான வெள்ளைத் துணியில் பரப்பி முழுதாக ஆறவிடுவதே சரி. பெரிய ஆலைகள் சிலவற்றில் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனால் குளிர்வித்தே அரைக்கிறார்கள். வீட்டு மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, விட்டு விட்டு ஓட்டினால் போதும். அதுவும் காலை வெயில் ஏறுமுன்.

நான் இரண்டு தூளாகவே வைத்துக்கொள்ளச் சொல்வேன். அடித்தூளுக்குத் தனியா 200 கிராம், மிளகாய் 100 கிராம், சீரகம், சோம்பு தலா 40 கிராம், மிளகு 30 கிராம், ஒரு துண்டு விரலி மஞ்சள். வாசனைத்தூளுக்குப் பட்டை, ஏலக்காய் தலா 10 கிராம், லவங்கம் 5 கிராம், அன்னாசிப்பூ இரண்டு, கொஞ்சம் கல்பாசி. கல்பாசி என்பது பாசியும் பூஞ்சையும் கூடி வாழும் ஓர் உயிர். சூடான எண்ணெயில் பட்டதும் அதன் மணம் எழும்பும்.

ஓட்டல் சமையலின் கைப்பக்குவம் தெரிவது அடித்தூளைப் போடும் இடத்தில். கேப்சாந்தின், மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின், மிளகின் காரப்பொருளான பைப்பரின் எல்லாமே எண்ணெயில் கரைபவை. தண்ணீரில் கரைவது சொற்பம். ஆகவே தூள் எண்ணெயைச் சந்தித்தாக வேண்டும். ஆனால் நைசான தூள் 170 டிகிரி எண்ணெயில் சில நொடியில் கருகிக் கசக்கும். அதனால் தக்காளி, வெங்காயம் தண்ணீர் விட்ட பிறகு தூளைப் போட்டு வதக்குகிறார்கள். தண்ணீர் இருக்கும்வரை வாணலியின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தூள் கருகாமல் வெந்துவிடும். தண்ணீர் வற்றியதும் சூடு ஏறி, சிவந்த எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வரும். தூளிலிருந்த நிறமும் காரமும் எண்ணெய்க்கு வந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம். அதற்கு முன் தண்ணீர் ஊற்றினால் பச்சை வாடை கடைசி வரை போகாது. வாசனைத்தூளை அடுப்பை அணைத்த பிறகு தூவி, மூடி வையுங்கள்.

அடித்தூள் ஒளி படாத டப்பாவில் இரண்டு மாதம் தாங்கும். வாசனைத்தூளைப் பதினைந்து நாளுக்கு மட்டும் அரைத்தால் போதும். பிரிட்ஜில் வைப்பதானால், வெளியே எடுத்த பாட்டிலின் குளிர் விட்ட பிறகே மூடியைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றின் ஈரம் நேராகத் தூளில் படியும்.